பழைய லென்சின் நான்கு மூலைகள்

பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் எழுதும் வகையைச் சேர்ந்த கட்டுரை இது. நானும் ஓய்வு பெற்றவள்தான். வயது மட்டும் அதற்கு ஒத்துழைக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு திண்டிவனத்தில் ஒரு புகைப்பட ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் இளங்கலைத் தமிழ் படித்தேன். இப்போது கேமராவை ஒப்படைத்துவிட்டு விழுப்புரத்தில் முதுகலை படிக்கிறேன். ஒரு தொழிலில் சேர்ந்து, அதில் தேறி, பெயர் சொல்லும்படி ஒரு வேலையாவது செய்து விடைபெற்றால், அது எத்தனை குறுகியதானாலும் முழுமையான பணிக்காலம் என்றே கருதுகிறேன்.

எழுதச் சொன்னவர்கள், எனக்குப் பின் அந்த ஸ்டூடியோவில் சேர்ந்த சரண்யாவும் நிஷாவும். அங்கே இப்போது புதிய வைட் லென்ஸ் ஒன்று வந்திருக்கிறது. படம் எடுத்த கணத்திலேயே, லென்ஸ் விடும் பிழைகளைக் கேமரா தானே திருத்திக்கொள்கிறது. அப்படியிருக்க, அலமாரியில் கிடக்கும் பழைய வைட் லென்சை முதலாளி ஏன் விற்க மறுக்கிறார் என்பது அவர்களுக்குப் புரியவில்லை.

"கேட்டா, கயலப் போயி கேளுங்கன்றாங்க. நீங்க சொல்லுங்கக்கா," என்றாள் சரண்யா.

வாயால் சொல்ல எனக்கு வராது. ஆகவே எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதலில் பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்களின் காலர் மடிப்பைச் சரிசெய்தேன். பிறகு திருமண வீடுகளில் லைட் பிடித்தேன். அதன்பின் கம்ப்யூட்டரில் முகங்களைத் திருத்தினேன். ஒரு பொங்கல் கழிந்து, தை மாதத்து முகூர்த்தங்கள் ஒன்றன்மேல் ஒன்று வந்து விழுந்தபோது, வேறு ஆளில்லாமல் கேமரா என் கைக்கு வந்தது. அவ்வளவுதான்.

முதலாளியைப் பற்றித்தான் சொல்லவேண்டும். அவர் பெயர் தேவகி. ஊரில் எல்லோருக்கும் தேவகி அக்கா. ஆண்களே நடத்திய தொழிலில் தனியாக நின்று கடை போட்டவர். பாராட்டி ஒரு சொல் சொன்னதில்லை. கொடுத்த படம் சரியாக இருந்தால் "ம்" என்று அடுத்த படத்தை எடுப்பார். சரியில்லை என்றால் அதே "ம்"மை இன்னும் சற்று நீட்டுவார். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறிய எனக்கு ஓராண்டு பிடித்தது. எந்தப் படத்தையும் அவர் தலைகீழாகப் பிடித்தே பார்ப்பார். நேராகப் பார்த்தால் மனம் முகங்களைத் தேடிப் போய்விடும். மணப்பெண் அழகாக இருக்கிறாள் என்று மயங்கிவிடும். தலைகீழாகப் பிடித்தால் வெளிச்சம் எங்கே, இருட்டு எங்கே என்பது மட்டுமே தெரியும். இதை அவர் எனக்கு விளக்கியதில்லை. நானே ஒருநாள் ஒரு படத்தைத் திருப்பிப் பிடித்துப் பார்த்துக் கண்டுகொண்டேன்.

அந்தப் பழைய லென்ஸ் இருபத்துநாலு எம்எம். ஃபிலிம் காலத்துக் கேமராவுக்காகச் செய்யப்பட்டது. ஓர் இணைப்பு வளையம் போட்டு எங்கள் டிஜிட்டல் கேமராவில் பொருத்தியிருந்தோம். இரும்பும் கண்ணாடியுமாகக் கையில் கனக்கும். ஃபோகஸைக் கையால் திருப்பவேண்டும். பின்னால் நகர இடமில்லாத குறுகிய மண்டபங்களில், நீண்ட வரிசையில் நிற்கும் உறவினர் அத்தனை பேரையும் ஒரே படத்தில் அடக்க எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான்.

அதற்கு ஒரு குணம் உண்டு. படத்தின் நடுவில் இருக்கும் வெளிச்சம், மூலைகளை நோக்கிச் செல்லச் செல்ல மங்கும். தொழிலில் இதை விக்னெட்டிங் என்பார்கள். எங்கள் கடையில் 'ஓரம் கறுக்கறது'. பழைய அகலக்கோண லென்சுகளுக்குப் பெரும்பாலும் உள்ள குறை இது. எங்கள் லென்சில் அது குறையாக இல்லை, விளம்பரமாக இருந்தது. சுற்றிலும் இருள் கவிந்து, நடுவில் மணமக்கள் மட்டும் விளக்கு வைத்தாற்போல் ஒளிர்வார்கள். மயிலம், கூட்டேரிப்பட்டு, வானூர் என்று எங்கிருந்தெல்லாமோ "அந்த ஓரம் கறுப்பா வர்ற படம் எடுக்கற கடை எது?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

லூர்தம்மாவும் அப்படி வந்த வீட்டாரைச் சேர்ந்தவர்தான். ஆனால் கடையைத் தேர்ந்தெடுத்தது அவரல்ல, மாப்பிள்ளையின் தாய்மாமா. கூட்டேரிப்பட்டில் டயர் கடை வைத்திருப்பவர். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் தாய்மாமாவுக்கு உள்ள அதிகாரம் குறைந்ததல்ல. குரூப் படத்தில் யார் எங்கே நிற்பது என்பதை அவர்தான் கைகாட்டி முடிவு செய்வார். லூர்தம்மா மணப்பெண்ணின் தாய். வானூருக்கு அருகே ஒரு கிராமம். நாள்தோறும் புதுச்சேரிக்குக் கட்டட வேலைக்குப் போகும் சித்தாள்.

நிச்சயதார்த்தப் படத்தைத் தேவகி அக்கா எடுத்தார். நான் லைட் பிடித்தேன். ஆல்பம் வீட்டுக்குப் போன மறுநாளே லூர்தம்மா அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார். வேலையிலிருந்து நேராக வந்திருக்கவேண்டும். புடவை மடிப்பில் சிமெண்ட் உலர்ந்திருந்தது. குரூப் படத்தின் இடப்பக்க ஓரத்தில் விரலை வைத்தார்.

"எம்மா, எங்க செட்டு எங்க?"

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"அஞ்சல நின்னா. பூங்காவனம் நின்னா. எங்கூட வேல செய்ற அஞ்சு பேரு வரிசையா நின்னாளுங்க. நாந்தான் இஸ்துகினு வந்து நிக்க வச்சேன். ஒருத்தி மூஞ்சியும் காணமே. வெறும் புடவதான் தெரியுது, அதுவும் தேடுனாதான்."

உண்மைதான். ஏற்கனவே வெயிலில் கறுத்த முகங்கள், மாலை நேரம், பின்வரிசையின் கடைசி. எஞ்சியிருந்ததையும் லென்சின் இருட்டு தின்றிருந்தது. நடுவே மணமக்களும் மாப்பிள்ளை வீட்டாரும் பொன்னாக ஒளிர்ந்தார்கள்.

கம்ப்யூட்டரில் திறந்து அந்த மூலையை வெளுப்பாக்கிக் காட்டினேன். முகங்கள் வரவில்லை, மணல் அள்ளித் தெளித்தது போல் புள்ளிகள்தான் வந்தன.

"ஓரத்துல நின்னா அப்பிடித்தாம்மா வரும். எல்லார் படத்துலயும் அப்பிடித்தான்," என்றார் தேவகி அக்கா.

"மத்தவங்க படம் எனக்கெதுக்குங்க?" என்றார் லூர்தம்மா. அவர் குரல் உயரவில்லை. "சாரத்துலேந்து வுழுந்து நான் இடுப்பொடிஞ்சி படுத்தப்ப, மேஸ்திரி என் எடத்துக்கு வேற ஆள் வச்சிருப்பான். வைக்க வுடல இவளுங்க. என் பங்கு செங்கல்லயும் இவளுங்களே தூக்குனாளுங்க. ஒரு மாசம் ரெண்டு மாசம் இல்ல, நான் எழுந்து நடக்கற மட்டும். அதாலதான் எம் பொண்ணு ஸ்டெல்லா நர்சு படிப்ப பாதியில நிறுத்தல. நாள பின்ன அவ தன் புள்ளைக்கு இந்தப் படத்தக் காட்டி, இவங்கதான்னு சொல்லணும். இருட்டக் காட்டியா சொல்லுவா?"

தேவகி அக்கா ஆல்பத்தைத் தலைகீழாகத் திருப்பினார். நெடுநேரம் பார்த்தார்.

"கல்யாணத்துல பாத்துக்கலாம்," என்றார்.

"தெரியணும்க்கா. அவளுங்க எங்க நின்னாலும் தெரியணும்," என்று சொல்லிவிட்டு லூர்தம்மா வானூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

எங்கே நிற்பார்கள் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. தாய்மாமா கைகாட்டும் இடம் ஓரம்தான். அவர் காட்டாவிட்டாலும் அவர்களே போய் நிற்கும் இடமும் அதுதான். திருமணத்துக்கு ஏற்பாடாகியிருந்த மண்டபமோ, ரயில் பெட்டியைப் போல நீளமும் குறுகலுமானது. அந்த லென்சைத் தவிர வேறெதுவும் அங்கே உதவாது. ஆக, லென்சை நான் முழுமையாக அறியவேண்டியிருந்தது.

முதல் வேலை, அதைக் கேமராவிலிருந்து கழற்றிக் கண்ணெதிரே பிடித்துப் பார்ப்பது. நேராகப் பார்த்தால் உள்ளே இருக்கும் துவாரம் முழு வட்டமாகத் தெரிகிறது. மெல்லச் சாய்த்து, படத்தின் மூலையிலிருந்து பார்ப்பது போன்ற கோணத்தில் பிடித்தால், அந்த வட்டத்தின் இரு பக்கங்களையும் லென்சின் உடலே மறைத்துவிடுகிறது. எலுமிச்சை வடிவத்தில் ஒரு கீற்றுதான் எஞ்சுகிறது. மூலைக்குப் போகும் வெளிச்சம் அந்தக் கீற்றளவுதான். இப்போது அப்பர்ச்சர் வளையத்தைத் திருப்பித் துவாரத்தைச் சிறிதாக்கிக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் சிறிய வட்டம் எந்த மறைப்புமின்றி முழுதாகத் தெரியும். அப்போது வளையம் காட்டும் எண்ணில் வைத்து எடுத்தால், லென்சின் உடல் உண்டாக்கும் இருட்டு நீங்கிவிடும். எங்கள் லென்சில் அது ஐந்து புள்ளி ஆறுக்கும் எட்டுக்கும் இடையில் இருந்தது. நிச்சயதார்த்தப் படம் எடுக்கப்பட்டது இரண்டு புள்ளி எட்டில். அதாவது துவாரம் முழுக்கத் திறந்த நிலையில்.

இதைப் படமாகவும் பார்த்துவிட நினைத்தேன். பக்கத்திலிருந்த பெயர்ப்பலகைக் கடையில் பால்வெள்ளை அக்ரிலிக் தகடு ஒரு துண்டு கேட்டு வாங்கினேன். மேகம் மூடியிருந்த காலையில் மொட்டைமாடிக்குப் போய், கேமராவை வானத்தை நோக்கி வைத்து, லென்சின் வாயில் தகட்டை ஒட்டிப் பிடித்து எடுத்தேன். தகடு எங்கும் ஒரே வெளிச்சம். ஆகவே படத்தில் தெரியும் ஏற்றத்தாழ்வு முழுவதும் லென்சினுடையது.

இரண்டு புள்ளி எட்டில், எதிர்பார்த்தபடியே மூலைகள் மெதுவாக இருண்டன. ஐந்து புள்ளி ஆறில் நடுப்பகுதியின் வெளிச்சம் ஓரம்வரை பரவியது. ஆனால் மூலைகளின் கடைக்கோடியில் நான் நினைத்ததற்கு மாறாக ஏதோ நடந்தது. அங்கே இருட்டு குறையவில்லை, கெட்டிப்பட்டது. எட்டில் வைத்தபோது நான்கு மூலைகளிலும் கத்தரித்து ஒட்டியதுபோல் நான்கு கறுப்பு விளிம்புகள்.

லென்சுக்குள் பிறக்கும் இருட்டு, துவாரம் சிறுக்கச் சிறுக்கக் கரையும். துவாரம் சிறுக்கும்போது கூர்மையாகிற இருட்டு லென்சுக்குள் பிறந்ததல்ல. லென்சுக்கு முன்னால் ஏதோ பொருள் நிற்கிறது. தகட்டை விலக்கிவிட்டு லென்சின் வாயைப் பார்த்தேன். நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்ததுதான். தூசிக்காக எப்போதும் போட்டிருக்கும், வளையத்தில் பதித்த கண்ணாடியான ஃபில்டர் ஒன்று; அதன்மேல் இன்னொரு ஃபில்டர். மேலே இருந்ததன் விளிம்பில் காய்ந்த சந்தனம், அதன் நடுவே குங்குமம்.

ஆயுத பூஜையன்று கேமராக்களுக்குப் பொட்டு வைப்பது எல்லா ஸ்டூடியோவிலும் உள்ள வழக்கம். சந்தனம் லென்சில் பட்டுவிடக்கூடாது என்பதற்காக எங்கள் கடையில் ஒரு பழைய ஃபில்டரை மேலே திருகி, அதன் விளிம்பில் பொட்டு வைப்போம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பூஜைக்குப் பிறகு அதைக் கழற்றவில்லை. அடுத்தடுத்த பூஜைகளில் அதன்மேலேயே பொட்டு வைக்கப்பட்டது. சாதாரண லென்சில் இரண்டு ஃபில்டர் இருந்தால் தெரியாது. இது இருபத்துநாலு எம்எம். பக்கவாட்டில் அத்தனை அகலம் பார்க்கும் கண். தன் முகத்தில் மாட்டிய வளையத்தையும் சேர்த்தே பார்த்துக்கொண்டிருந்தது.

கீழே வந்து தேவகி அக்காவிடம் படங்களைக் காட்டினேன். மேல் ஃபில்டரைத் திருக விரலை வைத்தேன்.

"அத்த தொடாத," என்றார். "அது ராசி. அந்தப் பூஜைக்கப்புறந்தான் நம்ம படத்துக்குப் பேரே வந்துச்சி."

"ஆமாங்க்கா. அந்தப் பேரு வந்ததே இதாலதான்."

நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னேன். அவர் மூன்று படங்களையும் வரிசையாக மேசையில் தலைகீழாக வைத்தார். கறுப்பு விளிம்புகள்மேல் விரலை ஓட்டினார். வானூரும் கூட்டேரிப்பட்டும் தேடி வந்த அந்த ஓர இருட்டில் ஒரு பங்கு லென்சுடையது. ஒரு பங்கு சந்தனப் பொட்டுடையது. அவர் முகம் சற்று வாடியது. பிறகு அடக்க முடியாமல் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அரிது.

"இத்தினி நாளா சாமியே வந்து குறுக்கால நின்னுகினு இருந்துருக்குடி."

கழற்றுவது எளிதாக இல்லை. சந்தனம் திருகுப் பள்ளங்களில் இறுகிப்போயிருந்தது. அகலமான ரப்பர் பேண்ட் ஒன்றை விளிம்பைச் சுற்றி மாட்டி, பிடி வழுக்காமல், அழுத்தாமல் திருக வேண்டியிருந்தது. அக்காவே செய்தார். கழன்ற ஃபில்டரைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தார். அடுத்து, நான் கேட்காமலே, தூசிக்காகப் போட்டிருந்த முதல் ஃபில்டரையும் கழற்றினார்.

"அந்த டயர் கட மாமா ஓரம் கறுப்பாத்தான் வேணும்பாரு. இன்னா சொல்லுவ?"

"இருட்ட அப்பறமா கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுக்கலாம்க்கா. போன மூஞ்சிய எங்கேந்து கொண்டாறது?"

"ம்," என்றார். குறுகிய "ம்". "குரூப்ப நீயே எடு."

திருமணத்தன்று மாதா கோயிலில் பூசை முடிந்து எல்லோரும் மண்டபத்துக்கு வந்தார்கள். துவாரத்தை எட்டுக்குச் சுருக்கினால் லென்சுக்குள் வரும் வெளிச்சமும் சுருங்கும். ஆகவே கேமராவை ஸ்டாண்டில் பூட்டினேன். அடுத்தது லைட். எங்கள் வழக்கம், இரண்டு லைட்டையும் மணமக்களை நோக்கித் திருப்புவது. நான் இரண்டையும் பக்கச் சுவர்களை நோக்கித் திருப்பினேன். வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் வரிசையின் இரு கோடிகளிலும் முதலில் விழும். நடுவுக்கு மிச்சம் போதும். பழைய லென்ஸ் ஓரத்தில் எவ்வளவு எடுத்துக்கொள்ளுமோ அவ்வளவை முன்கூட்டியே அங்கே கொடுத்துவைப்பதுதான் நோக்கம்.

தாய்மாமா ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்தார். சித்தாள் பெண்கள் ஐவரும் சொல்லாமலே இடப்பக்கக் கடைசிக்குப் போனார்கள். அஞ்சலை அவர்களில் மூத்தவர்; நெடிய உருவம், உரத்த குரல்.

"ஏ பூங்காவனம், தலையில இன்னாடி, பூக்கடையே வச்சிகினு வந்துட்ட?"

"கல்லு தூக்குற தல, இன்னிக்குப் பூ தூக்கட்டுமே. உனக்கு ஏன் எரியுது?"

தாய்மாமாவின் கண் அப்போதுதான் லைட்டின்மேல் விழுந்தது.

"எம்மா, பொண்ணு மாப்ளைக்கு லைட்டு காட்டாம சொவத்துக்குக் காட்டிகினு இருக்கியே, சொவத்துக்கா கல்யாணம்?"

மண்டபமே சிரித்தது. நான் விளக்க முயன்றேன். என் குரல் கூட்டத்தில் எடுபடுகிற குரல் அல்ல. "ஓரத்துல நிக்கறவங்களும் தெரியணுங்க," என்றது மட்டும் அவருக்குக் கேட்டிருக்கவேண்டும்.

"ஓரம் கறுப்பா வர்றதுக்குதானம்மா உங்கள வரச் சொன்னது! ஓரத்துல யாரு இருக்காங்க, கட்டட வேலைக்கு வர்றவங்கதான? லைட்ட திருப்பும்மா, ஜல்தியா. பந்தி காத்துகினு இருக்குது."

தேவகி அக்கா வாசலருகே நின்றிருந்தார். என்னைத்தான் பார்த்தார், குறுக்கிடவில்லை. நான் லைட்டைத் திருப்பவில்லை. திருப்ப மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. ஸ்டாண்டின் பின்னால் கையைக் கட்டி நின்றேன்.

நிலைமையை முடித்துவைக்க அஞ்சலையே முன்வந்தார். "எங்களால எதுக்கு பேஜாரு? வாங்கடி, நாம பந்தியில இலை போடலாம். லூர்து, நீங்க எடுத்துக்குங்க." ஐவரும் வரிசையைவிட்டு நகரத் தொடங்கினார்கள்.

எந்த முகங்களுக்காக லென்சைக் கழற்றிப் பார்த்தேனோ, அவை படத்துக்கு வெளியே போய்க்கொண்டிருந்தன. அவற்றைத் தடுக்க எந்த அப்பர்ச்சர் எண்ணும் என்னிடம் இல்லை.

மகளுக்கு அருகே, நடுவரிசையில், தாய்க்குரிய இடத்தில் நின்ற லூர்தம்மா, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையிலிருந்து வெளியே வந்தார். வரிசையின் முன்னால் நடந்து இடக்கோடிக்குப் போனார். அஞ்சலையின் கையை ஒரு பக்கமும் பூங்காவனத்தின் கையை மறுபக்கமும் பற்றி, சுவரோரம் திரும்பி நின்றார்.

"எனக்கு இங்கதான் எடம். எடும்மா."

மணப்பெண்ணின் தாய் இல்லாமல் குரூப் படம் எடுக்கமுடியாது. அவரைக் கையைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்தவும் யாருக்கும் உரிமையில்லை. ஸ்டெல்லா மாலையும் கழுத்துமாகத் தாயைப் பார்த்துச் சிரித்தாள். தாய்மாமா ஒரு கணம் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். மாப்பிள்ளை வீட்டுப் படத்தில் சம்பந்தியம்மா இருட்டில் நின்றால், பார்க்கிறவர்கள் தம்மைத்தான் கேட்பார்கள் என்பது அவருக்கு விளங்கியிருக்கவேண்டும். என் பக்கம் திரும்பினார்.

"இன்னாம்மா நின்னுகினு பாக்கற? அந்த ஓரத்துக்கு நல்லா லைட்டு அடி! சம்பந்தியம்மா நிக்கறாங்க இல்ல!"

"அடிச்சிருக்குதுங்க," என்றேன்.

ஃபோகஸை மணமக்கள்மேல் வைக்காமல், வரிசையின் முழு நீளமும் தெளிவில் அடங்கும்படி கணக்கிட்டு வைத்தேன். ஷட்டர் வேகம் குறைவு, யாரும் அசையக்கூடாது. "மூச்சப் புடிச்சிக்குங்க," என்றேன். "எம்மாநேரம்?" என்று கேட்டார் அஞ்சலை. மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்து முகங்கள் இயல்பாக அடங்கும் கணம் ஒன்று உண்டு. அதற்குக் காத்திருந்து எடுத்தேன். மேலும் சில எடுத்தேன். முதலில் எடுத்ததே சரியாக அமைந்திருந்தது.

கூட்டம் பந்திக்குக் கலைந்ததும், ஸ்டாண்டிலிருந்து கேமராவை அசைக்காமல், அப்பர்ச்சரையும் ஃபோகஸையும் தொடாமல், பால்வெள்ளைத் தகட்டை லென்சின் வாயில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டேன். ஃபில்டர் போனாலும், துவாரத்தைச் சுருக்கினாலும், சாய்ந்து வரும் வெளிச்சம் பலவீனமாகத்தான் விழும். அகலக்கோணத்தில் அந்த மிச்ச இருட்டு முழுதும் தீராது. வெள்ளைத் தகட்டின் படம், அந்த லென்ஸ் அன்று எந்த இடத்தில் எவ்வளவு வெளிச்சத்தை எடுத்துக்கொண்டது என்பதை அதன் வாயாலேயே சொல்லும். கம்ப்யூட்டரில் இரண்டையும் பொருத்தி, எடுத்ததை எடுத்த இடத்தில் திருப்பிக் கொடுத்தேன். வேறு லென்சுக்கான திருத்தத்தை இதன்மேல் ஏற்றினால் மூலைகளில் முகங்கள் பச்சையாகவோ ஊதாவாகவோ மாறும். இதில் முகங்கள் முகங்களின் நிறத்திலேயே இருந்தன. கறுத்தவர் கறுத்தவராகவே தெரிந்தார், மறைந்தவர் எவருமில்லை.

பெரிய அளவில் பிரிண்ட் போட விழுப்புரம் லேப்புக்குப் போவது வழக்கம். அங்கிருந்த ஆபரேட்டர் அண்ணன் படத்தைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார்.

"இன்னா பாப்பா, உங்க கட முத்திரைய மறந்துட்டு வந்துட்ட? ஓரத்துல கறுப்பே காணம்."

"இல்லண்ணா, இதான் சரி."

"சரிதான். இந்த ஓரத்துல நிக்கற அம்மா மூக்குத்திகூட தெரியுதே!"

மாலையில் கடைக்கு வந்து பிரிண்ட்டைத் தேவகி அக்காவிடம் கொடுத்தேன். வழக்கம்போல் தலைகீழாகப் பிடித்தார். கண் இடமிருந்து வலமாகப் போய்த் திரும்பி வந்தது, எங்கும் தடுக்கவில்லை. பிறகு படத்தை நேராகத் திருப்பினார். இடக்கோடியில் நின்ற ஆறு பேரையும் ஒருவர் ஒருவராகப் பார்த்தார்.

"இது அஞ்சலையா? நல்லா கீறா," என்றார்.

நான் அந்த ஸ்டூடியோவில் பெற்ற பாராட்டு இது ஒன்றே. எனக்கு அது போதுமானதாக இருந்தது. இன்றும் போதுமானதாக இருக்கிறது. தாய்மாமாவுக்கு அவர் விரும்பியபடி ஓரம் கறுத்த பிரதி ஒன்றையும் செய்துவைத்தேன். வாங்க வந்தவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கறுக்காததையே எடுத்துக்கொண்டு போனார். அவருடைய இன்னொரு அக்காவும் அக்கா கணவரும் வலக்கோடியில் நின்றிருந்தார்கள் என்பது படத்தில் தெளிவாகத் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லூர்தம்மாவின் செட்டு முழுவதும் கடைக்கு வந்தது. ஆளுக்கொரு பிரதி என்று லூர்தம்மா சொல்லியிருந்தார். ஆறு பேர் சேர்ந்து குனிந்ததில் கவுண்டர் மறைந்துபோனது. நான் எதிர்ப்பக்கம் நின்று காத்திருந்தேன். கண்ணீர் வரும், நன்றி சொல்வார்கள் என்றெல்லாம் மனத்தின் ஒரு மூலையில் நினைத்திருந்தேன்.

"ஏ, இன்னாடி இது, நான் இவ்ளோ குண்டாவா கீறேன்?" என்றார் அஞ்சலை.

"நீயாவது பரவால்ல. என் கையப் பாரு, பூசணிக்கா மாதிரி கெடக்குது," என்றார் பூங்காவனம்.

"இருக்கறதுதானடி தெரியும்?" என்றார் மற்றவர்களில் ஒருவர்.

"அடிப்போடி! நாள் பூரா கல்லு தூக்கறவளுக்கு எங்கேந்துடி சத வரும்? இந்தப் பொண்ணு ஏதோ பண்ணிகீது. இன்னா பாப்பா, எங்கள ஏன் இப்பிடி ஊத வச்ச?" என்றார் அஞ்சலை.

ஐவரின் குறைகளும் ஒரே நேரத்தில் என்மேல் விழுந்தன. ஒருவருக்குக் கொண்டை சரிந்திருந்தது. ஒருவருக்கு முந்தானை மடிப்பு கலைந்திருந்தது. முன்கூட்டியே சொல்லியிருக்கக்கூடாதா என்றார் அவர். தங்கள் முகத்தைப் படத்தில் உன்னிப்பாகப் பார்த்து, பிடிக்காமல், முறையிடுகிற வாடிக்கையாளர்கள். தொழிலில் இதைவிட எனக்கு மகிழ்ச்சி தந்த முறையீடு வேறில்லை. லூர்தம்மா மட்டும் தம் பிரதியைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அஞ்சலைக்குப் பதில் சொல்லவேண்டியிருந்தது. உண்மையைச் சொன்னேன்.

"அகலமாப் பாக்கற லென்சு இதுங்க. ஓரத்துல நிக்கறவங்கள கொஞ்சம் இழுத்து அகலமாக் காட்டும். இருட்ட எடுத்துட்டேன், அத்த எடுக்க முடியல."

"அப்ப நடுவுல நிக்கறவங்க?"

"உள்ளது உள்ளபடி தெரிவாங்க."

அஞ்சலை நிமிர்ந்து மற்ற நால்வரையும் பார்த்தார். அங்கேயே ஒரு தீர்மானம் நிறைவேறியது.

"அப்ப சரி. வைகாசியில பூங்காவனம் பொண்ணு கல்யாணம். நாங்க நடுவுலதான் நிப்போம். ஊத வேண்டியவங்க ஓரத்துல நின்னு ஊதட்டும்."

அந்தத் திருமணத்தின் குரூப் படத்தையும் அதே லென்சால் நான்தான் எடுத்தேன். செட்டு முழுவதும் முதலிலேயே வந்து நடுவில் நின்றுகொண்டது. மணமக்களுக்கு நாற்காலி போடத்தான் இடம் தேடவேண்டியிருந்தது.